மூட் மாத்திரை சாப்பிட்டு கை நடுங்குதா? நிறுத்துறதுக்கு முன்னாடி இதப் படிங்க: முழுமையான வழிகாட்டி

எனக்குக் கை நடுங்குறது மொதல்ல ஒரு ப்ளவுஸ்லதான் தெரிஞ்சுச்சு. மதுரை வில்லாபுரத்துல வீட்ல வச்சே ஆரி வொர்க் எடுத்துச் செய்றேன். ஃப்ரேம்ல துணிய இறுக்கிக் கட்டிட்டு, மேல இருந்து ஊசிய எறக்கி, அடியில இன்னொரு கையில புடிச்சிருக்கிற நூல மாட்டி மேல இழுக்கணும், ஊசி முனை ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் தையல் கோணிக்கும். மூட் ஏறி எறங்காம இருக்கக் குடுக்குற லித்தியம் மாத்திரைய ஆரம்பிச்சு மூணாவது வாரம் இருக்கும், ஒரு கல்யாணப் பொண்ணு ப்ளவுஸுக்கு கைப்பக்கம் மயில் போட்டுட்டு இருந்தேன், மயில் கழுத்து வளைவு வரவே மாட்டேங்குது, சங்கிலித் தையல் பல்லு பல்லா நிக்குது. பிரிச்சுட்டுப் போட்டேன், மறுபடி பிரிச்சேன். மூணாவது தடவ பிரிக்கும்போதுதான் ஊசிய வச்சுட்டு ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் அரச இலை மாதிரி லேசா, வேகமா ஆடுது.

அன்னைக்கு ராத்திரி நான் செஞ்சது, இதப் படிக்கிற உங்கள்ல பாதிப்பேர் செய்ய நெனைக்கிற வேலைதான். மாத்திரைய நிறுத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல. கை நாலஞ்சு நாள்ல சரியாயிருச்சு, மயிலையும் முடிச்சுக் குடுத்துட்டேன். அடுத்த மாசமே தூக்கம் போயிருச்சு, ராவெல்லாம் முழிச்சு ஆர்டர் எடுத்தேன், எங்கிட்ட இல்லாத காசுக்குப் பாசியும் ஜரியும் வாங்கிக் குவிச்சேன், கடைசியில எங்க அண்ணனும் மதினியும் ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அதுல இருந்து மீண்டு வர அஞ்சு மாசம் ஆச்சு. இப்ப ஒம்பது வருஷமா அதே லித்தியம்தான் சாப்பிடுறேன், ஆரி வொர்க்கும் செய்றேன். நடுவுல கத்துக்கிட்டது எல்லாத்தையும் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, டோஸ கூட்டுறது கொறைக்கிறது எல்லாம் உங்க டாக்டர் வேலை. ஆனா அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி நம்ம கையில இருக்கிற வேலை நெறைய இருக்கு, அத யாரும் உக்காந்து சொல்லித்தர மாட்டேங்குறாங்க.

மொத வேலை: மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க

லித்தியத்த திடீர்னு விட்டா நோய் திரும்புற வாய்ப்பு ரொம்ப அதிகம், அதுவும் விட்ட மொத சில மாசத்துல. தற்கொலை எண்ணமும் அந்த நேரத்துலதான் கூடும், இது டாக்டருங்க நல்லா அறிஞ்ச விஷயம். இன்னொரு மூட் மாத்திரையான வால்புரோயேட்ட திடீர்னு விட்டா அதே ஆபத்தோட, வலிப்பு இருக்கிறவங்களுக்கு வலிப்பும் வரலாம். நடுக்கம் தொந்தரவுதான், வேலையக் கெடுக்கும், நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு வழி இருக்கு, ஒண்ணு இல்ல அஞ்சாறு வழி இருக்கு. ஒவ்வொண்ணாப் பார்க்கலாம். இதுல ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, ஆபத்தான நடுக்கம், அதக் கீழ தனியா எழுதியிருக்கேன், அத மட்டும் கட்டாயம் படிங்க.

ரெண்டாவது: இது என்ன நடுக்கம்னு கண்டுபிடிங்க

எல்லார் கையிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய நடுக்கம் எப்பவும் இருக்கு. லித்தியம் அதப் பெருசாக்கிக் காட்டுது. நொடிக்கு 8ல இருந்து 12 தடவ வரைக்கும் ஆடும், ரெண்டு கையிலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, கைய நீட்டும்போதும் எதையாவது புடிக்கும்போதும் எழுதும்போதும் வரும், மடியில கைய வச்சு சும்மா உக்காந்தா நின்னுரும். லித்தியம் சாப்பிடுறவங்கள்ல சுமாரா நாலுல ஒருத்தருக்கு இது வருது. ஆரம்பிச்ச புதுசுலயும் டோஸ் கூட்டுனப்பவும் அதிகமா இருக்கும், நெறைய பேருக்குப் பையப் பைய கொறஞ்சுரும், சிலருக்குக் கூடவே இருக்கும். ஜாக்கெட்டுக்கு ஹூக் மாட்டுறது, டவராவுல இருந்து டம்ளருக்கு காபி ஆத்துறது, பேங்க்ல கையெழுத்துப் போடுறது, இந்த மாதிரி சின்னச் சின்ன வேலையிலதான் மாட்டிக்குவோம்.

வால்புரோயேட், அதாவது என்கோரேட், வால்பரின்னு அட்டையில போட்டு வர்றது, அதுலயும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் நடுங்கும், டோஸ் கூடக் கூட நடுக்கமும் கூடும். லித்தியமும் வால்புரோயேட்டும் சேர்த்துச் சாப்பிடுறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்.

மூணாவது வகை ஒண்ணு இருக்கு, அது வேற. மனநோய்க்குக் குடுக்குற ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் மாதிரி மாத்திரைங்களால வர்றது. கை சும்மா மடியில கெடக்கும்போதே ஆடும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுற மாதிரி உரசும், ஒடம்பு விறைப்பா இருக்கும், நடை சுருங்கும், மொகத்துல உணர்ச்சி கொறஞ்சு போகும். இதுக்குத்தான் டாக்டருங்க பாசிடேன்னு சொல்ற டிரைஹெக்ஸிஃபெனிடில் எழுதுவாங்க. லித்தியம் நடுக்கத்துக்கு பொதுவா அது வேலை செய்யாது. ஒரு தடவ எங்க தெருக்காரம்மா அவங்க வீட்டுக்காரர் பாசிடேன எனக்குக் குடுக்க வந்தாங்க, நல்ல மனசுதான், ஆனா வாயும் வறண்டு மலமும் கட்டி ஞாபக மறதியும் வந்துருக்கும், நடுக்கம் அப்படியே இருந்திருக்கும். அடுத்தவங்க மாத்திரைய வாங்கிப் போடவே போடாதீங்க.

மூணாவது: வீட்லயே செஞ்சு பார்க்குற சோதனை

கால் மணி நேரம் போதும். ரெண்டு கையையும் தோள் உயரத்துக்கு நீட்டி, விரல விரிச்சு, மேல ஒரு வெள்ளப் பேப்பர வைங்க. பேப்பர் ஓரம் எப்படி ஆடுதுன்னு பாருங்க. அடுத்து கைய மடியில போட்டு நூறுல இருந்து தலைகீழா எண்ணுங்க, அப்ப கை ஆடுதா நிக்குதா. அப்புறம் ஒரு தாள்ல நடுவுல புள்ளி வச்சு, மணிக்கட்ட மேசை மேல ஊன்றாம, ஜிலேபி சுத்துற மாதிரி வட்டம் வட்டமா வெளிய சுத்திக்கிட்டே வாங்க. நரம்பு டாக்டருங்களும் இதத்தான் வரைய வைக்குறாங்க. தேதியும் நேரமும் அதே தாள்ல எழுதி வைங்க. கடைசியா முக்கால் டம்ளர் தண்ணிய ஒரு கையால எடுத்து வாய்க்குக் கொண்டு போங்க, வீட்ல யாரையாவது போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

வீடியோ ஏன்னா, டாக்டர் ரூமுக்குள்ள போனா கை ஒண்ணு நின்னுருது, இல்லாட்டி பதட்டத்துல மூணு மடங்கு ஆடுது. ரெண்டும் உண்மையான நெலவரம் இல்ல.

நாலாவது, இதுதான் முக்கியம்: ஆபத்தான நடுக்கம்

லித்தியம் ஒரு உப்பு. நம்ம சமையல் உப்புல இருக்கிற சோடியத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி. கிட்னிக்கு ரெண்டையும் சரியாப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. வேர்த்து, வயித்தால போயி, வாந்தி எடுத்து ஒடம்புல தண்ணியும் உப்பும் கொறஞ்சா, கிட்னி பதறிப்போய் சோடியத்தத் திரும்ப உள்ள இழுத்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் இழுத்து வச்சுரும். நீங்க அதே மாத்திரைதான் போடுறீங்க, ஆனா ரத்தத்துல அளவு ஏறிக்கிட்டே போகும்.

எனக்கு நடந்தத சொல்றேன். சித்திரை மாசம், அழகர் ஆத்துல எறங்குறதுக்கு நாலு நாள் முன்னாடி. ஃப்ரேம்ல குனிஞ்சே வேலை பார்த்து இடுப்பு புடிச்சுக்கிச்சு. பக்கத்துல ஒரு க்ளினிக்ல காட்டுனேன், ஒரு ஊசி போட்டு, அஞ்சு நாளைக்கு வலி மாத்திரை குடுத்தாங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடுறன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல, சொல்றதுக்கு வெக்கம். அது டைக்ளோஃபினாக். ராத்திரி முழுக்க வைகைக் கரையில நின்னோம், காலையில அழகரப் பார்த்துட்டு வெயில்ல நடந்தே வீட்டுக்கு வந்தோம், தண்ணி சரியாக் குடிக்கல. மறுநாள் வயித்தால நாலஞ்சு தடவ போச்சு. சாயங்காலம் சோத்தப் பெசஞ்சு வாய்க்குக் கொண்டு போறேன், கை மொத்தமா அங்கிட்டும் இங்கிட்டும் அடிக்குது, வழக்கமா விரல்ல வர்ற அந்த மெல்லிய ஆட்டம் இல்ல, முழங்கைல இருந்து தூக்கிப் போடுது, சோறு மடியில கொட்டுது. எழுந்து நடந்தா கால் பின்னுது. எங்கம்மா வெயில் தாக்கம்னு எலுமிச்சஞ்சாறு கரைச்சாங்க. மதினிதான் பக்கத்துல வந்து, "ஏத்தா, ஒனக்கு நாக்கு கொழறுதே, என்னமோ மாதிரி பேசுற"ன்னு சொல்லி அண்ணனக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எடுத்த ரத்தத்துல லித்தியம் 1.9 இருந்துச்சு, 1.5க்கு மேல போனாலே விஷம். மூணு நாள் ட்ரிப் ஏத்துனாங்க.

அதனால கீழ இருக்கிறத பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க, உங்களுக்காக இல்ல, வீட்ல இருக்கவங்களுக்காக, ஏன்னா அந்த நேரத்துல நமக்கே புத்தி மந்தமா இருக்கும்:

- மெல்லிசா இருந்த நடுக்கம் திடீர்னு பெருசா, கை முழுக்க, தூக்கிப் போடுற மாதிரி ஆகுறது
- வயித்துப்போக்கு, வாந்தி நிக்காம போறது
- நடை தள்ளாடுறது, நாக்கு கொழறுறது
- காரணமில்லாம தூங்கி விழுறது, கேட்டதுக்குச் சம்பந்தமில்லாமப் பேசுறது
- தசை அங்கங்க துடிக்கிறது

இதுல எது வந்தாலும், அடுத்த வேளை லித்தியத்தப் போடாம, விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. 108க்கு போன் பண்ணுங்க. நம்ம பக்கத்துல கோரிப்பாளையம் பெரிய ஆஸ்பத்திரில ராத்திரியும் அவசரப் பிரிவு இருக்கு. உள்ள போன ஒடனே சொல்ல வேண்டிய வார்த்தை ஒண்ணே ஒண்ணு: "லித்தியம் சாப்பிடுறாங்க, லெவல் பாருங்க." அத சொல்லலைன்னா வெயில், ஃபுட் பாய்சன்னு நெனச்சு ஒரு பாட்டில் ஏத்தி அனுப்பிருவாங்க. மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. வால்புரோயேட் சாப்பிடுறவங்களுக்கு நடுக்கத்தோட குழப்பம், தூக்கம், வாந்தி சேர்ந்து வந்தா ரத்தத்துல அம்மோனியா ஏறியிருக்கலாம், ஈரல்லயும் பிரச்சனை இருக்கலாம், அதுவும் அன்னைக்கே காட்ட வேண்டியதுதான்.

அஞ்சாவது: நடுக்கத்த யாரு ஏத்தி விடுறாங்கன்னு தேடுங்க

பாதி நேரம் மூட் மாத்திரை மட்டும் காரணம் இல்ல, கூட ஒருத்தன் இருப்பான்.

வலி மாத்திரைதான் மொத ஆளு. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்ஸன் எல்லாமே லித்தியத்த ஏத்தும். மெடிக்கல்ல போய் "ஒடம்பு வலிக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா பெரும்பாலும் இதுல ஒண்ணத்தான் பிச்சுக் குடுப்பாங்க. லித்தியம் சாப்பிடுறவங்களுக்கு பாரசிட்டமால்தான் பொதுவாப் பரவாயில்லாத வலி மாத்திரை, அதையும் அளவோட. பல் டாக்டர்கிட்ட போனாலும் சொல்லிருங்க, அங்கதான் நெறைய பேர் மறந்துருவாங்க.

ரெண்டாவது பிரஷர் மாத்திரை. எனலாபிரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், அப்புறம் ஹைட்ரோகுளோரோதயசைட்ங்கிற நீர் மாத்திரை. டெல்மிசார்ட்டன் பேருக்குப் பின்னாடி எச்னு ஒரு எழுத்து ஒட்டி இருந்தா பெரும்பாலும் உள்ள அந்த நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கும். பிரஷர் மாத்திரையப் போடக்கூடாதுன்னு இல்ல, பிரஷர் பார்க்குற டாக்டருக்கும் மனநல டாக்டருக்கும் ரெண்டும் தெரிஞ்சிருக்கணும், புதுசா ஆரம்பிச்சா லெவல் ஒரு தடவ கூடுதலாப் பார்க்கணும். நீங்களா எதையும் விட்றாதீங்க.

வீசிங்குக்கு அடிக்கிற சால்புட்டமால் இன்ஹேலரும் கைய நடுங்க வைக்கும். மன அழுத்தத்துக்குச் சேர்க்குற சில மாத்திரைகளும் அப்படித்தான். தைராய்டு கூடிப்போனாலும் கை நடுங்கும், சுகர் கொறஞ்சாலும் நடுங்கும், தெனம் குடிக்கிறவங்க ஒரு நாள் நிறுத்துனா காலையில நடுங்கும். தூக்கம் கெட்டா, பதட்டமா இருந்தா, பசியில இருந்தா இருக்கிற நடுக்கம் ரெட்டிப்பாகும்.

காபி, டீ விஷயத்துல கொஞ்சம் நிதானமா இருக்கணும். காபி நடுக்கத்தக் கூட்டும்ங்கிறது நெசம், அதனால கொறைக்கிறது நல்லதுதான். ஆனா காபி லித்தியத்த ஒண்ணுக்கு வழியா வெளியேத்தவும் செய்யுது. தெனம் அஞ்சு காபி குடிச்சவங்க மொத்தமா ஒரே நாள்ல நிறுத்துனா லித்தியம் லெவல் மேல ஏறி, கொறைய வேண்டிய நடுக்கம் ஏறவும் செய்யலாம். வாரத்துக்கு ஒரு டம்ளரா கொறைச்சு, டாக்டர்கிட்டயும் சொல்லிருங்க. நான் அஞ்சுல இருந்து ரெண்டுக்கு வந்தேன், காலையில ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு.

உப்புலயும் இதே கதைதான். திடீர்னு உப்பில்லாப் பத்தியம் ஆரம்பிக்காதீங்க, திடீர்னு ஊறுகாயும் கருவாடுமா ஏத்தவும் செய்யாதீங்க, தெனம் ஒரே அளவா இருக்கணும். தண்ணி சாதாரண நாள்ல ரெண்டு ரெண்டரை லிட்டர், மதுரை வெயில்ல பங்குனி சித்திரை வைகாசில அதுக்கும் மேல. மோருல கொஞ்சம் உப்புப் போட்டுக் குடிக்கிறது நல்ல பழக்கம். பழனிக்குப் பாதயாத்திரை, மாலை போடுறது, ரம்ஜான் நோன்பு, தண்ணி பல்லுல படாத விரதம், இதெல்லாம் இருக்கணும்னு ஆசைப்பட்டா ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. சாமி கோவிச்சுக்கும்னு பயந்து மறைச்சு விரதம் இருக்காதீங்க.

ஆறாவது: ரெண்டு வாரம் நோட்டு

நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. தெனம் நாலே விஷயம்: எத்தன மணிக்கு மாத்திரை போட்டேன், எப்ப நடுக்கம் அதிகம், அப்ப என்ன வேலை செஞ்சுட்டு இருந்தேன், காபி டீ எத்தன. நடுக்கத்துக்கு மார்க் போடுங்க. இல்லைன்னா 0, எனக்கு மட்டும் தெரியுதுன்னா 1, அடுத்தவங்களுக்கும் தெரியுதுன்னா 2, வேலையே செய்ய முடியலைன்னா 3. தூக்கம் எத்தன மணி நேரம்னும் போட்டா நல்லது, மூட் மாறுதான்னும் அதுலயே தெரிஞ்சுரும்.

என் நோட்டுல என்ன தெரிஞ்சுச்சுன்னா, காலை மாத்திரை போட்ட ரெண்டு மணி நேரத்துல இருந்து மதியம் வரைக்கும் 2, சாயங்காலம் 1. சரியா நான் ஃப்ரேம்ல உக்கார்ற நேரம்தான் மாத்திரை ரத்தத்துல உச்சிக்குப் போற நேரமும். இந்த ஒரு தகவல்தான் என் டாக்டர் முடிவையே மாத்துச்சு. நடுங்குதுன்னு மொட்டையாச் சொன்னப்ப "பழகிரும்மா"ன்னு சொன்னவர், நோட்டப் பார்த்துட்டு நேரத்த மாத்திக் குடுத்தார்.

ஏழாவது: லெவல் டெஸ்ட்ட ஒழுங்கா எடுக்குறது

லித்தியத்துக்கு ரத்த அளவு பார்த்தே ஆகணும். தொடர்ந்து சாப்பிடுறவங்களுக்குப் பொதுவா 0.6ல இருந்து 1.0 வரைக்கும் வச்சிருப்பாங்க, நோய் கடுமையா இருக்கும்போது 1.2 வரைக்கும் போவாங்க, வயசானவங்களுக்கு இன்னும் கொறைவா. 1.5க்கு மேல போனா விஷமாக ஆரம்பிக்குது, 2க்கு மேல ரொம்ப ஆபத்து. ஒரு லேப் ரிப்போர்ட்ல மில்லிமோல்னு இருக்கும், இன்னொண்ணுல மில்லி ஈக்விவலன்ட்னு இருக்கும், லித்தியத்துக்கு ரெண்டும் ஒரே நம்பர்தான், கொழம்பிக்க வேணாம்.

கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுக்கணும். ராத்திரி ஒம்பதுக்குப் போட்டா காலையில ஒம்பதுக்கு. காலை மாத்திரைய ரத்தம் குடுத்ததுக்கு அப்புறம்தான் போடணும். மாத்திரை போட்டுட்டுப் போய் குடுத்தா பொய்யா அதிகமாக் காட்டும், டாக்டர் தேவையில்லாம டோஸக் கொறைச்சுருவார். டோஸ் மாத்துனா அஞ்சுல இருந்து ஏழு நாள் கழிச்சுப் பார்த்தாதான் சரியான அளவு தெரியும். இன்னொண்ணு, நெறைய பேருக்குத் தெரியாது, பச்சை மூடி போட்ட சில ரத்தக் குழாய்ல லித்தியம் ஹெப்பாரின்னு ஒரு மருந்தே தடவியிருக்கும், அதுல எடுத்தா லெவல் கன்னாபின்னான்னு ஏறிக் காட்டும். லேப்காரங்க பெரும்பாலும் தெரிஞ்சு வச்சிருப்பாங்க, இருந்தாலும் "இது லித்தியம் டெஸ்ட்டுக்குங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.

லெவல் நார்மல்னு வந்துட்டா பிரச்சனை இல்லைன்னு அர்த்தம் இல்ல. மெல்லிய நடுக்கம் சரியான லெவல்லயும் வரும். வயசானவங்களுக்கு சில சமயம் நார்மல் அளவுலயே விஷ அறிகுறியும் வரும். பேப்பர மட்டும் பார்க்காம ஆளையும் பார்க்கணும். லெவலோட, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் மூணையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பார்த்துருங்க. வால்புரோயேட்டுக்கு ஈரல் டெஸ்ட்டும் ரத்தத்துல தட்டணு எண்ணிக்கையும்.

எட்டாவது: டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்

ஓ.பி.ல சீட்டுப் போட்டு வரிசையில நின்னு உள்ள போனா மூணு நிமிஷம்தான் கெடைக்கும். அதனால மொத வாக்கியத்துலயே விஷயம் இருக்கணும். "கை நடுங்குது, ரெண்டு மாசமா, நீட்டுனா நடுங்குது, வச்சா நிக்குது, மதியம் வரைக்கும் அதிகம், என் தையல் வேலை கெடுது, மாத்திரைய விடல." இப்படிச் சொல்லி நோட்டையும் வீடியோவையும் காட்டுங்க. வேற என்னென்ன மாத்திரை, சித்த மருந்து, நாட்டு மருந்து, சத்துப் பவுடர் சாப்பிடுறீங்களோ அதையும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதிட்டுப் போங்க.

அவரு கையில என்ன வழி இருக்குன்னு தெரிஞ்சா நமக்குப் பேசத் தைரியம் வரும். லெவல் 0.9ல இருந்தா கொஞ்சம் கொறைச்சு 0.7க்குக் கொண்டு வரலாம், நெறைய பேருக்கு அதுலயே நின்னுரும். சாதா மாத்திரைல இருந்து மெதுவாக் கரையுற எஸ்.ஆர். மாத்திரைக்கு மாத்தலாம், அது ரத்தத்துல திடீர்னு உச்சிக்கு ஏறாது. அத ஒடைச்சோ பொடிச்சோ சாப்பிடக் கூடாது, ஒடைச்சா மெதுவாக் கரையுற தன்மை போயிரும். ரெண்டு வேளைய ஒரே வேளையா ராத்திரிக்கு மாத்தலாம், நடுக்கம் உச்சில இருக்கும்போது நாம தூங்கிட்டு இருப்போம். எனக்கு ஒத்து வந்தது இதுதான்.

இதுலயும் அடங்கலைன்னா புரோப்ரானலால் எழுதுவாங்க, சிப்லார், இன்டெரால்ங்கிற பேர்ல வரும். பெரும்பாலும் 10 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க. சிலர் தெனம் சாப்பிடுவாங்க, சிலர் முக்கியமான வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மட்டும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா லோன் பத்திரத்துல கையெழுத்துப் போடுற அன்னைக்கு மட்டும் போட்டுக்குவாங்க, டாக்டர் சொல்லித்தான். ஆனா ஆஸ்துமா இருக்கிறவங்க இத சாப்பிடக் கூடாது, மூச்சு இறுகிரும். நாடித்துடிப்பு ரொம்பக் கொறைவா இருக்கிறவங்களும் கூடாது. சுகருக்கு ஊசி போடுறவங்களுக்கு சுகர் கொறையுறப்ப வர்ற படபடப்பே தெரியாமப் போயிரும், அதனால அவங்க கட்டாயம் சொல்லணும். தெனம் சாப்பிட்டா இதையும் திடீர்னு நிறுத்தக் கூடாது.

எதுவுமே ஆகலைன்னா மருந்தையே மாத்தலாமான்னு டாக்டர் யோசிப்பார். அது பெரிய முடிவு, உங்க நோய் எந்த மாதிரி, முன்னாடி எது கேட்டுச்சுங்கிறதெல்லாம் பார்க்கணும், பழசக் கொறைச்சுக்கிட்டே புதுச ஏத்தணும். கொழந்த பெத்துக்குற வயசுல இருக்கிற பொண்ணுங்க, வால்புரோயேட் வயித்துல இருக்கிற கொழந்தைக்குக் கெடுதல்ங்கிறதால, அதப் பத்தித் தனியா ஒக்காந்து கேளுங்க. நடுக்கத்துக்காக லித்தியத்துல இருந்து வால்புரோயேட்டுக்கு மாத்தலாம்னு பேச்சு வந்தா இது இன்னும் முக்கியம்.

அரசு ஆஸ்பத்திரில இந்த மாத்திரைங்க காசில்லாமக் கெடைக்குது. டாக்டர் கெடைக்காத நேரத்துல மனசுவிட்டுப் பேசணும், எங்க போறதுன்னு தெரியணும்னா 14416, டெலி மனஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச இலவச எண், எந்நேரமும் தமிழ்லயே பேசலாம்.

ஒம்பதாவது: அதுவரைக்கும் கைய வச்சு வேலை பார்க்குறது

மாத்தம் தெரிய சில வாரம் ஆகும், அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா. முழங்கைய ஒடம்போட ஒட்டி வைங்க, இல்ல மேசையில ஊன்றுங்க, பாதி நடுக்கம் அங்கயே அடங்கும். நான் ஃப்ரேம் உயரத்த நாலு விரக்கடை ஏத்தி, முழங்கை ரெண்டும் கட்டை மேல படுற மாதிரி வச்சேன். எவர்சில்வர் டம்ளர விட கனமான பித்தளை டம்ளர் ஆடாது, அதுவும் பாதி ஊத்துனாப் போதும். ரெண்டு கையால புடிக்கிறதுல என்ன கேவலம் இருக்கு. தடிமனான பேனா வாங்குங்க, கையெழுத்து மாறிட்டே இருந்தா பேங்க்ல ஒரு தடவ மேனேஜர்கிட்ட சொல்லி புதுக் கையெழுத்துக் குடுத்துருங்க, நான் குடுத்துட்டேன். நுணுக்க வேலைய நோட்டுல மார்க் கொறைவா இருக்கிற நேரத்துக்குத் தள்ளுங்க, வெட்டுறது அளவெடுக்குறது எல்லாம் மத்த நேரத்துல. பசியோட ஊசியத் தொடாதீங்க. கை பெருசா ஆடுது, தூக்கமா வருதுன்னா அன்னைக்கு வண்டிய எடுக்காதீங்க.

வீட்ல இருக்கவங்களுக்கு

நாலு பேர் இருக்கும்போது "கைய ஏன் இப்படி ஆட்டுற"ன்னு கேக்காதீங்க. யாராவது கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே நடுக்கம் கூடிரும். என்னப் பொண்ணு பார்க்க வந்தப்ப காபித் தட்டுல டம்ளர் கடகடன்னு அடிச்சுச்சு, எங்க சித்தி ஒருத்தங்க அத ஊரெல்லாம் சொன்னாங்க. நான் மாத்திரைய விட நெனச்ச ரெண்டாவது தடவ அதுதான். அப்ப எங்க அண்ணன் ஒண்ணும் பேசாம, ராத்திரி மாத்திரை டப்பாவையும் தண்ணிச் செம்பையும் கொண்டு வந்து பக்கத்துல வச்சுட்டு, நான் போடுற வரைக்கும் ஒக்காந்து இருந்துச்சு. ஆம்பளைங்களுக்கு வேற மாதிரி, காலையில கை நடுங்குனா குடிகாரன்னு பேரு கட்டிருவாங்க. ஷேர் ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர் எங்களோட மருந்து வாங்க வருவார், வால்புரோயேட், அவரு பொட்டுச் சாராயம் தொட்டதில்ல, மாமனார் வீட்ல இன்னும் நம்ப மாட்டேங்குறாங்க. வீட்டுக்காரங்க செய்ய வேண்டியது, மேல எழுதுன ஆபத்து அறிகுறிய மனப்பாடமா வச்சுக்கிறது, மாத்திரை நேரத்துக்குப் போறதப் பார்த்துக்கிறது, சோறு பரிமாறும்போது ரசத்த தட்டுல ஊத்தாம டம்ளர்ல குடுக்குறது, அவ்வளவுதான்.

இப்ப என் நோட்டுல மார்க் பெரும்பாலும் 1, பங்குனி சித்திரையில சில நாள் 2. லெவல் போன மாசம் 0.7. இந்த வாரம் ஒரு சீமந்தப் பட்டுக்கு மறுபடி மயில் போட்டுட்டு இருக்கேன், கழுத்து வளைவ சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் தொடுறேன்.